டிஸ்க்கின் பாகப்பிரிவினை: லினக்ஸ் கெர்னல் பார்டிஷன்களைக் கண்டுபிடித்துப் பெயரிடும் விதம்

மார்த்தாண்டத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாள் காலை ஸ்டுடியோ அண்ணன் போன் செய்தார். "தம்பி, மூணு டிபி டிஸ்க்குல ஒண்ணுமே இல்லன்னு காட்டுது. ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது. நான் எதையும் அமுக்கல." எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் யூஎஸ்பி முனை உடைந்திருந்தது. அதனால் கடைப் பையன் பெட்டியைப் பிரித்து உள்ளே இருந்த டிஸ்க்கை எடுத்து, கணினிக்குள் நேரடியாக சாட்டா கேபிளில் மாட்டியிருக்கிறான். நாலு வருடக் கல்யாணப் படங்கள் அதில் இருந்தன.

நாகர்கோவிலிலிருந்து போய்ச் சேர்ந்ததும் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து பார்த்தேன். டிஸ்க்கின் அளவு 2.7 டெராபைட் என்று சரியாகவே காட்டியது (1024 கணக்கில் எண்ணினால் மூணு டிபி இவ்வளவுதான்). ஆனால் அதிலிருந்த ஒரே பார்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பாகம்) 349.3 ஜிகாபைட். சரியாக எட்டில் ஒரு பங்கு. அந்த எட்டைப் பார்த்ததும் படங்கள் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. ஏன் என்று புரிய வேண்டுமானால், ஒரு டிஸ்க் வந்து சேரும்போது கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, என்ன செய்கிறது என்பதை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

கட்டளைகளையும் டிவைஸ் பெயர்களையும் இங்கே தமிழில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். எல்எஸ்பிஎல்கே போன்ற சுருக்கங்களை எழுத்தெழுத்தாக. டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். பழகுவதற்கு ஒரு பழைய பென்டிரைவ் போதும். இங்கே வரும் கட்டளைகளில் டிஸ்க்கில் எதையும் எழுதுவது ஒன்றுகூட இல்லை.

படி 1: டிஸ்க் வந்து சேர்வதைப் பாருங்கள்

டெர்மினலைத் திறந்து "சூடோ டிஎம்இஎஸ்ஜி -டபிள்யூ" என்று கொடுத்துவிட்டு பென்டிரைவைச் செருகுங்கள். கெர்னலின் செய்திகள் ஒவ்வொன்றாக ஓடும். முதலில் யூஎஸ்பி பகுதி புதிய சாதனத்தை அடையாளம் காணும். அப்புறம் அது சேமிப்புச் சாதனம் என்று தெரிந்து, டிஸ்க்குகளோடு பேசும் ஸ்கசி அடுக்கிடம் ஒப்படைக்கும். அங்கே எஸ்டி என்ற டிரைவர் டிஸ்க்கிடம் இரண்டு கேள்வி கேட்கும்: உன்னிடம் எத்தனை செக்டர் (டிஸ்க்கின் ஒரு கட்டம்), ஒரு செக்டர் எத்தனை பைட்?

பதில் ஒரே வரியில் வரும். 500 ஜிபி டிஸ்க் என்றால் "976773168, 512 பைட் லாஜிக்கல் பிளாக்குகள்" என்ற பொருளில் இருக்கும். இந்த வரியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். கெர்னலுக்கு டிஸ்க் என்பது பூஜ்யத்திலிருந்து எண்ணிட்ட கட்டங்களின் நீண்ட வரிசை மட்டுமே. கட்டம் எவ்வளவு பெரியது என்பதை டிஸ்க் சொல்கிறது, அல்லது நடுவில் இருக்கும் யூஎஸ்பி சர்க்யூட் சொல்கிறது. கெர்னல் அதை அப்படியே நம்புகிறது.

படி 2: டிஸ்க்குக்குப் பெயர்

பார்டிஷனைத் தேடும் முன்பே முழு டிஸ்க்குக்குப் பெயர் வைத்தாகிவிடும். சாட்டா, யூஎஸ்பி, ஸ்கசி எல்லாமே எஸ்டி குடும்பம். முதலில் வந்தது எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி, பிறகு எஸ்டிசி. இருபத்தாறு எழுத்தும் தீர்ந்தால் எஸ்டிஏஏ என்று தொடரும். பழைய ஐடிஇ காலத்தில் எச்டிஏ, எச்டிபி என்று இருந்தது. அப்போது பெயருக்கும் கேபிளுக்கும் நேரடி உறவு உண்டு: முதல் கேபிளின் மாஸ்டர் எப்போதும் எச்டிஏ, இரண்டாவது கேபிளின் மாஸ்டர் எச்டிசி, நடுவில் எதுவும் மாட்டாவிட்டாலும்கூட. அந்தப் பழைய டிரைவர் தொகுப்பு 2021இல் வந்த 5.14 கெர்னலோடு நீக்கப்பட்டது.

எஸ்டி பெயர்களுக்கு அந்த உறுதி கிடையாது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்து நின்றதும் முந்தி ஏறியவருக்கு ஜன்னல் சீட். அதே ஆள் நாளைக்கும் அதே சீட்டில் உட்காருவார் என்று சொல்ல முடியாது. கெர்னல் பல டிஸ்க்குகளை ஒரே நேரத்தில் விசாரிக்கிறது. எது முந்திப் பதில் சொல்கிறதோ அதற்கு முந்திய எழுத்து கிடைக்கலாம். கணினியைத் திறக்காமல், கேபிளைத் தொடாமல், வெறுமனே ரீஸ்டார்ட் செய்தாலே எஸ்டிஏவும் எஸ்டிபியும் இடம் மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

என்விஎம்இ டிஸ்க்கின் பெயர் என்விஎம்இ0என்1. பூஜ்யம் என்பது கன்ட்ரோலரின் எண், என்1 என்பது அதிலுள்ள முதல் நேம்ஸ்பேஸ் (கன்ட்ரோலர் தனி டிஸ்க்காகக் காட்டும் பகுதி). லேப்டாப்பின் சொந்த ஸ்லாட்டில் செருகும் கேமரா கார்டு பெரும்பாலும் எம்எம்சிபிஎல்கே0 என்று வரும். அதே கார்டை யூஎஸ்பி ரீடரில் போட்டால் எஸ்டிபி மாதிரி ஏதாவது ஒன்றாக வரும். கார்டு ஒன்றுதான், வந்த வழி வேறு. விர்ச்சுவல் மெஷினுக்குள் விடிஏ என்று பார்த்தால் அது விர்டியோ டிஸ்க்.

படி 3: முதல் செக்டரை உங்கள் கண்ணால் படியுங்கள்

இனிதான் பார்டிஷன். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு தென்னை விளையை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டால் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுவார்கள். யாருக்கு எங்கிருந்து எவ்வளவு என்று அதில் இருக்கும். யார் பாகத்தில் எத்தனை தென்னை, எத்தனை வாழை என்று இருக்காது. டிஸ்க்கில் பார்டிஷன் டேபிளும் அப்படித்தான். கெர்னல் பத்திரத்தை மட்டும் படிக்கிறது. உள்ளே எந்த ஃபைல் சிஸ்டம் (கோப்புகளை அடுக்கும் முறை), என்டிஎஃப்எஸ் இருக்கிறதா, எக்ஸ்ட்4 இருக்கிறதா என்று இந்தக் கட்டத்தில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

பழைய பத்திரத்தின் பெயர் எம்பிஆர். ஐபிஎம் பிசி உலகத்துக்கு 1983இல் டாஸ் 2.0 உடன் வந்தது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் எல்லாம் அடங்கிவிடும். முதல் 446 பைட் பூட் நிரலுக்கும் டிஸ்க்கின் கையெழுத்து எண்ணுக்கும் ஆனது. அடுத்து 16 பைட் வீதம் நாலு பதிவுகள், ஆக 64 பைட். கடைசி இரண்டு பைட் 55 ஏஏ என்ற முத்திரை (இது ஹெக்ஸ், அதாவது பதினாறின் அடிப்படையில் எழுதும் எண்; 9க்குப் பின் ஏ முதல் எஃப் வரை). அதைப் பார்க்க:

சூடோ ஹெக்ஸ்டம்ப் -சி -என் 512 /டெவ்/எஸ்டிபி

இதில் சி மட்டும் பெரிய எழுத்து. எஸ்டிபி இருக்கும் இடத்தில் உங்கள் பென்டிரைவின் பெயரைப் போடுங்கள். இடப்பக்கம் 1பி0 என்று தொடங்கும் வரியின் கடைசி இரண்டு பைட்டில் முதல் பதிவு ஆரம்பித்து, அடுத்த வரியில் பதினாலு பைட் ஓடி முடியும். 500 ஜிபி டிஸ்க் ஒன்றில் அது இப்படி இருக்கும்:

00 20 21 00 07 எஃப்இ எஃப்எஃப் எஃப்எஃப் 00 08 00 00 00 58 38 3ஏ

முதல் பைட் 00. இது 80 ஆக இருந்தால் பூட் ஆகும் பார்டிஷன் என்று பொருள். அடுத்த மூன்றும், 07க்குப் பின்னால் வரும் மூன்றும் சிலிண்டர், ஹெட் கணக்கில் எழுதிய பழைய முகவரிகள். இன்றைக்கு லினக்ஸ் கெர்னல் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. 07 என்பது வகை: என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட். லினக்ஸ் பார்டிஷனுக்கு 83, ஸ்வாப்புக்கு 82.

உயிர்நாடி கடைசி எட்டு பைட்டில் இருக்கிறது. 00 08 00 00 என்பதைப் பின்னாலிருந்து முன்னால் படிக்க வேண்டும்: 00000800. பதின்ம எண்ணில் 2048. பார்டிஷன் தொடங்கும் செக்டர் அதுதான். அடுத்த நாலையும் அப்படியே திருப்பினால் 3ஏ385800, அதாவது 976771072 செக்டர். 512ஆல் பெருக்கினால் 500 ஜிபி வந்துவிடும். கெர்னல் செய்வதும் இதே கணக்குதான். ஒருமுறை நீங்களே கையால் போட்டுப் பார்த்துவிட்டால் பார்டிஷன் டேபிள் மேல் இருக்கும் பயம் போய்விடும். நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

தொடக்கத்துக்கும் அளவுக்கும் நாலு நாலு பைட்தான் என்பதால் 512 பைட் செக்டரில் எம்பிஆர் 2 டெபிபைட்டை (1024 கணக்கில் எண்ணும் டெராபைட்) தாண்ட முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்தப் பதினாறு பைட்டில் செக்டரின் அளவு எங்கேயும் எழுதப்படவில்லை. எண் இருக்கிறது, அலகு இல்லை.

ஒரு சின்ன விஷயம். சில கேமரா கார்டுகளிலும் பென்டிரைவுகளிலும் டேபிளே இருக்காது. முழு டிஸ்க்கும் ஒரே ஃபேட் ஃபைல் சிஸ்டம். அந்த ஃபேட்டின் முதல் செக்டரும் 55 ஏஏ என்றே முடியும். கெர்னல் ஏமாறாமல் இருக்க, நாலு பதிவின் முதல் பைட்டும் 00 அல்லது 80 தானா என்று சரிபார்க்கிறது. இல்லையென்றால் அது டேபிள் ஆகாது. அப்போது எஸ்டிபி1 என்று எதுவும் வராது, எஸ்டிபியையே நேரடியாக மவுன்ட் செய்ய (கோப்புகளைத் திறக்கும்படி இணைக்க) வேண்டும்.

படி 4: நாலுக்கு மேல் போனால்

எம்பிஆரில் நாலு பதிவுதான். ஐந்தாவது வேண்டுமென்றால் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி, அதற்குள் லாஜிக்கல் பார்டிஷன்களைச் சங்கிலியாகக் கோர்க்க வேண்டும். ஒவ்வொரு கண்ணியும் தன் பார்டிஷன் எங்கே, அடுத்த கண்ணி எங்கே என்று சொல்லும். கெர்னல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போய் 5, 6, 7 என்று எண்ணும். பிரைமரி (நாலு பதிவில் நேரடியாக இருக்கும் பார்டிஷன்) ஒன்றே ஒன்று இருந்தாலும் லாஜிக்கல் 5இல்தான் தொடங்கும், ஏனென்றால் 1 முதல் 4 வரை அந்த நாலு இடங்களுக்குச் சொந்தம்.

டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கொடுத்தால் எக்ஸ்டெண்டட் பார்டிஷன் வெறும் 1 கிலோபைட் என்று காட்டுவதைப் பார்த்து பலர் திடுக்கிடுகிறார்கள். பழுது எதுவும் இல்லை. யாராவது தெரியாமல் அதன்மேல் ஃபார்மேட் செய்துவிடக் கூடாது என்று கெர்னல் வேண்டுமென்றே இரண்டு செக்டரை மட்டும் வெளியே காட்டுகிறது.

எண்கள் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. பிரைமரியில் 2ஐ அழித்தால் 3 மூன்றாகவே இருக்கும். லாஜிக்கலில் 5ஐ அழித்தால் 6 ஐந்தாகிவிடும், சங்கிலியை வரிசையாக எண்ணுவதால். அழிக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

படி 5: ஜிபிடி

புதிய கணினிகளில் இருப்பது ஜிபிடி என்ற வேறு வகை டேபிள். செக்டர் 0இல் காவலுக்கு ஒரு போலி எம்பிஆர், ஈஈ என்ற வகையோடு. பழைய மென்பொருள் டிஸ்க்கைக் காலி என்று நினைத்து எழுதிவிடாமல் அது தடுக்கிறது. செக்டர் 1இல் "ஈஎஃப்ஐ பார்ட்" என்ற எட்டு எழுத்தோடு தொடங்கும் தலைப்பு. அதையடுத்து வழக்கமாக 128 பதிவுகள், ஒவ்வொன்றும் 128 பைட். டிஸ்க்கின் கடைசியில் இதற்கு ஒரு நகலும் உண்டு. முகவரிகள் எட்டு பைட் என்பதால் 2 டெபிபைட் எல்லை இல்லை. எக்ஸ்டெண்டட், லாஜிக்கல் குழப்பமும் இல்லை. ஒவ்வொரு பார்டிஷனுக்கும் தனி அடையாள எண்ணும், 36 எழுத்து வரை பெயரும் வைக்கலாம்.

கெர்னல் தலைப்பையும் பதிவுகளையும் சிஆர்சி கணக்கு (தரவு கெடவில்லையா என்று காட்டும் எண்) போட்டுச் சரிபார்க்கும். முன்பக்கத் தலைப்பு கெட்டிருந்தால் தானாகவே பின்பக்க நகலை எடுத்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். இயல்பாக அப்படிச் செய்வதில்லை. பூட் செய்யும்போது கெர்னல் கட்டளை வரியில் "ஜிபிடி" என்ற சொல்லைச் சேர்த்தால்தான் அது டிஸ்க்கின் கடைசி செக்டருக்குப் போய்த் தேடும். பார்டிஷன் எதுவும் தெரியாத ஜிபிடி டிஸ்க் ஒன்று கையில் கிடைத்தால், எதையும் எழுதும் முன் இதை ஒருமுறை முயன்று பாருங்கள்.

கெர்னலுக்குள் இப்படிப் படிக்கத் தெரிந்த நிரல்கள் பல உண்டு, ஒவ்வொரு டேபிள் வகைக்கும் ஒன்று. அவற்றை ஒரு குறிப்பிட்ட வரிசையில் அழைக்கிறது. ஜிபிடிக்கான நிரல் எம்பிஆருக்கான நிரலுக்கு முன்னால் வரும். மாற்றி வைத்தால் காவல் எம்பிஆரையே உண்மை என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. "இது என்னுடையது" என்று ஒருவர் சொன்னதும் தேடல் நிற்கும்.

படி 6: பார்டிஷனுக்குப் பெயரும் எண்ணும்

கண்டுபிடித்ததைக் கெர்னல் ஒரு வரியில் எழுதும்: "எஸ்டிஏ: எஸ்டிஏ1 எஸ்டிஏ2 < எஸ்டிஏ5 எஸ்டிஏ6 >". கூர் அடைப்புக்குள் இருப்பவை லாஜிக்கல். பெயர் வைக்கும் விதி எளிது. டிஸ்க்கின் பெயர் எழுத்தில் முடிந்தால் பின்னால் எண்ணைச் சேர். எண்ணில் முடிந்தால் நடுவில் பார்டிஷனைக் குறிக்கும் பி-யைச் சேர். அதனால்தான் எஸ்டிஏ1, ஆனால் என்விஎம்இ0என்1பி1, எம்எம்சிபிஎல்கே0பி1. அந்த பி இல்லாவிட்டால் என்விஎம்இ0என்11 என்பது பதினோராவது நேம்ஸ்பேஸா, முதலாவதின் முதல் பார்டிஷனா என்று தெரியாது.

உள்ளுக்குள் கெர்னல் பெயரை விட மேஜர், மைனர் என்ற இரண்டு எண்களையே பயன்படுத்துகிறது. எல்எஸ்பிஎல்கேயில் இரண்டாவது பத்தியைப் பாருங்கள். முதல் 16 எஸ்டி டிஸ்க்குகளுக்கு மேஜர் 8. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 16 மைனர். எஸ்டிஏ 8:0, எஸ்டிஏ1 8:1, எஸ்டிபி 8:16. பதினைந்து பார்டிஷனுக்கு மேல் போனால் 259 என்ற பொது மேஜரிலிருந்து எண் கிடைக்கும். என்விஎம்இ பார்டிஷன்களில் 259ஐ அடிக்கடி பார்ப்பீர்கள்.

இந்த எண்களோடு /டெவ் அடைவில் கோப்பை உருவாக்குவது டெவ்டிஎம்பிஎஃப்எஸ் என்ற கெர்னல் பகுதி. பிறகு யூடெவ் என்ற வெளி நிரலுக்குச் செய்தி போகும். பார்டிஷனுக்குள் நுழைந்து என்ன ஃபைல் சிஸ்டம், அதன் யூயூஐடி (தனி அடையாள எண்) என்ன, லேபிள் என்ன என்று படிப்பது யூடெவ்தான். படித்ததை /டெவ்/டிஸ்க் அடைவுக்குள் பை-யூயூஐடி, பை-லேபிள், பை-ஐடி, பை-பார்ட்யூயூஐடி என்று இணைப்புகளாக வைக்கும்.

படி 7: டேபிளை மாற்றிய பிறகு

கெர்னல் டேபிளைப் படிப்பது டிஸ்க் வரும்போது ஒருமுறை. அப்புறம் அதன் நினைவில் இருப்பதைத்தான் நம்பும். பார்டிஷன்களை மாற்றும் எஃப்டிஸ்க் என்ற நிரல் மூலம் டேபிளை மாற்றி எழுதினால், முடிவில் எஃப்டிஸ்க் "திரும்பப் படி" என்று கெர்னலிடம் கேட்கும். அந்த டிஸ்க்கில் ஒரு பார்டிஷன் மவுன்ட் ஆகியிருந்தால்கூட கெர்னல் "பிஸி" என்று மறுத்துவிடும். மவுன்ட்டை நீக்கிவிட்டு "சூடோ பார்ட்ப்ரோப்" கொடுங்கள், அல்லது ரீஸ்டார்ட் செய்யுங்கள். கெர்னல் பழைய எல்லையை நினைத்துக்கொண்டிருக்கும்போது புதிய எல்லையில் ஃபார்மேட் செய்யப் போகாதீர்கள். இந்த இடத்தில் மட்டும் அவசரமே கூடாது.

மார்த்தாண்டம் டிஸ்க்

இப்போது அந்த எட்டில் ஒரு பங்குக்கு வருவோம். 2 டெபிபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கை எம்பிஆரிலேயே ஓட்டுவதற்காகச் சில எக்ஸ்டர்னல் பெட்டிகளின் சர்க்யூட் ஒரு செக்டர் 4096 பைட் என்று சொல்லும். பெட்டிக்குள் இருந்தபோது டிஸ்க்கில் 732566646 செக்டர், ஒவ்வொன்றும் 4096 பைட். பார்டிஷன் செக்டர் 256இல் தொடங்கியது, அதாவது சரியாக 1 மெபிபைட்டில். பெட்டியைப் பிரித்து நேராக மாட்டியதும் டிஸ்க் தன் சொந்தக் கணக்கைச் சொன்னது: 5860533168 செக்டர், 512 பைட். டேபிளில் இருந்த எண்கள் மாறவில்லை. ஏக்கர் கணக்கில் எழுதிய பத்திரத்தைச் சென்ட் கணக்கில் படித்தால் என்ன ஆகும்? 256 என்பது 128 கிபிபைட் ஆனது. அங்கே ஃபைல் சிஸ்டமே இல்லை. அளவும் எட்டில் ஒன்றாகச் சுருங்கியது. அதே டிஸ்க் ஜிபிடியாக இருந்திருந்தால் பார்டிஷனே தெரிந்திருக்காது: தலைப்பு இருப்பது 4096ஆவது பைட்டில், கெர்னல் தேடுவது 512ஆவது பைட்டில்.

"சூடோ பிளாக்டெவ் --கெட்எஸ்எஸ் /டெவ்/எஸ்டிபி" கொடுத்துப் பார்த்தேன், 512 என்று வந்தது. பிறகு கெர்னலிடம் அலகை மாற்றிச் சொல்ல இந்தக் கட்டளை:

சூடோ லோசெட்அப் --ஃபைண்ட் --ஷோ --ரீட்-ஒன்லி --பார்ட்ஸ்கேன் --செக்டர்-சைஸ் 4096 /டெவ்/எஸ்டிபி

இது டிஸ்க்கின் மேல் 4096 பைட் செக்டர் கொண்ட, கெர்னலுக்கு இன்னொரு டிஸ்க் போலத் தெரியும் ஒரு லூப் டிவைஸை உருவாக்கி, அதில் பார்டிஷன் தேடச் சொல்கிறது. ரீட்-ஒன்லி என்பதால் ஒரு பைட்கூட எழுதாது. லூப்0 என்று பதில் வந்தது, கூடவே லூப்0பி1, அளவு 2.7 டெராபைட். ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்ததும் கல்யாணக் கோப்புறைகள் தேதி வாரியாக வந்து நின்றன. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசிக் கோப்புறை வரை திறந்து பார்த்த பிறகுதான் எழுந்தார். அன்றே புதிய டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டோம்.

படி 8: எழுதி வைக்கும் இடத்தில் பெயரை எழுதாதீர்கள்

நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் நானே செய்த தவறு இது. பூட் ஆகும்போது எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் டேட்டா டிஸ்க்கை /டெவ்/எஸ்டிபி1 என்று எழுதி வைத்திருந்தேன். தென்மேற்குப் பருவமழையில் ஒரு நாள் கரன்ட் போய் வந்தது. யாரோ மறந்துவிட்ட பென்டிரைவ் கணினியில் அப்படியே செருகியிருந்தது. அன்றைக்கு அதுதான் எஸ்டிபி ஆனது. எக்ஸ்ட்4ஐ எதிர்பார்த்த இடத்தில் ஃபேட் இருந்ததால் கணினி எமர்ஜென்சி மோடில் நின்றுவிட்டது, அரைநாள் வேலை போயிற்று.

"சூடோ பிஎல்கேஐடி" கொடுத்து அந்த ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடியை எடுங்கள். எஃப்எஸ்டேப்பில் டிவைஸ் பெயர் இருக்கும் இடத்தில் யூயூஐடி=அந்த எண் என்று எழுதுங்கள் (இங்கே யூயூஐடி என்ற சொல் மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்). யூயூஐடி என்பது ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டது, டிஸ்க்கை எந்த முனையில் மாட்டினாலும் மாறாது. திரும்ப ஃபார்மேட் செய்தால் மாறிவிடும். டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தால் இரண்டுக்கும் ஒரே யூயூஐடி இருக்கும், இரண்டையும் சேர்த்து மாட்டி வைக்காதீர்கள். பார்ட்யூயூஐடி என்பது வேறு: அது பார்டிஷன் டேபிளில் இருப்பது. இனிட்ரேம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் உதவும் தற்காலிக ஃபைல் சிஸ்டம்) இல்லாமல் பூட் செய்யும் சிறு கணினிகளில், இந்த இரண்டில் கெர்னல் தானாகப் புரிந்துகொள்வது பார்ட்யூயூஐடியை மட்டும்தான், ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடியை அல்ல.

எப்போதும் மாட்டியிருக்காத டிஸ்க் என்றால் அந்த வரியின் ஆப்ஷன்களில் "நோஃபெயில்" சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பூட்டை நடத்தும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். கோப்பைச் சேமித்ததும் ரீஸ்டார்ட் செய்யும் முன் "சூடோ ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை" கொடுங்கள். எந்த வரியிலாவது பிழை இருந்தால் அது அங்கேயே சொல்லிவிடும்.